பல்லாவரம் கல்லறையில் ஒரு ஆண்டர்சனைத் தேடியபோது

பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், யாருக்கு எந்தச் சான்று வேண்டுமென்றாலும் பல்லாவரம் பக்கத்து அஸ்தினாபுரத்தில் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்படி வந்தவர் மிஸ் ஆண்டர்சன் என்ற அமெரிக்க மூதாட்டி. அவருடைய தாத்தா ஸ்வீடனிலிருந்து அமெரிக்காவில் குடியேறியவர். அந்தத் தாத்தாவின் அப்பா பல்லாவரத்தில் இறந்தாராம். பெயர்கூடத் தெரியாது. கல்லறையில் ஒரு பூ வைக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி குடும்பப் பெயரை வைத்து வரிசை வரிசையாகத் தேடினோம். ஆண்டர்சன் இல்லை. ஸ்வீடன்காரர் என்று பொறித்த கல் ஒன்றே ஒன்று இருந்தது, ஆண்டர்ஸ் பேர்சன்.

"இது வேற குடும்பம், மேடம்" என்று தீர்ப்புச் சொன்னேன். அவர் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து அழுதார்.

"பாவம் சார், இம்மாந்தூரம் வந்து அழுதுகினு கீது" என்றார் காவலாளி.

அவர் ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து, பேரனின் பள்ளி விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற இடத்தில் என் மகன் பெயரை எழுதினேன்.

"நமக்கு அப்பா பேருதானே?" என்றேன் மனைவியிடம்.

"ஏங்க, அந்தம்மாவோட தாத்தா ஊர்லயும் அப்படித்தானோ என்னவோ?"

நூலகத்துக்கு ஓடினேன். அக்கால ஸ்வீடனில் அப்பா பெயரோடு 'சன்' சேர்த்தால் அதுதான் மகனின் குடும்பப் பெயர்; ஆண்டர்ஸ் பேர்சனின் மகன்தான் ஆண்டர்சன். அன்றே கடிதம் எழுதினேன். அத்தை இறந்துவிட்டார் என்று அவருடைய சகோதரர் மகன் பதில் எழுதியிருந்தார்.

"நல்லா விசாரிச்சீங்க, போங்க" என்றாள் மனைவி.

இப்போதெல்லாம் யார் யாரைத் தேடி வந்தாலும் முதலில் அந்த ஊரில் எப்படிப் பெயர் வைப்பார்கள் என்று கேட்கிறேன். மிஸ் ஆண்டர்சனுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.