இரண்டு ஆலிவ் போட்ட கிளாஸ்

என் அக்கா ஒன்பது வருடம் ஒரு கட்டட கான்ட்ராக்டர் வீட்டில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே விருந்து நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், எல்லோரும் அதே தொழில்காரர்கள். மார்ட்டினி என்கிற மதுவைக் கலந்து கொடுப்பது அக்காவின் வேலை. கிளாஸ் கழுவித் துடைப்பது என் வேலை.

அக்கா மதுவை நாக்கில் வைத்ததே இல்லை. ஆனாலும் அவள் கலப்பதில் ஒரு குறை சொல்ல முடியாது. கிளாஸ்களை மத்தியானமே ஃப்ரீசரில் அடுக்கிவிடுவாள். ஜாடியில் ஐஸ், ஜின், கொஞ்சமே கொஞ்சம் வெர்மூத் ஒயின். நீளக் கரண்டியால் சத்தம் வராமல் கிளறுவாள். ஜாடி வெளியே வியர்த்ததும் வடிகட்டி ஊற்றி, ஒவ்வொரு கிளாஸிலும் குச்சியில் குத்திய ஓர் ஆலிவ் காய் போடுவாள்.

முதலாளியின் கிளாஸில் மட்டும் இரண்டு ஆலிவ். அதில் இருப்பது வெறும் ஐஸ் தண்ணீர். பார்க்க மார்ட்டினியும் தண்ணீரும் ஒரே மாதிரிதான். மூன்றாவது கிளாஸில் விருந்தாளிகள் உளற ஆரம்பிப்பார்கள். இவர் தெளிவாக உட்கார்ந்து, யார் எந்த டெண்டருக்கு என்ன விலை போடப்போகிறார்கள் என்று வாயைக் கிளறிக்கொண்டிருப்பார். இது அவருக்கும் எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

ஒரு சனிக்கிழமை பாதி விருந்தில் ஜின் தீர்ந்துவிட்டது. குறைவாக வாங்கி வந்தது முதலாளிதான். அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

"எங்க போயிருக்கும்? நம்ம மேடம் ருசி பார்க்காம யாருக்கும் குடுக்க மாட்டாங்களே," என்று அக்காவைக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். "எங்க, இந்தக் கோட்டுமேல நேரா நட பார்ப்போம்," என்று டைல்ஸ் இடுக்கைக் காட்டினார்.

அக்கா கையில் தட்டோடு நடந்தாள். கைதட்டினார்கள்.

பேச்சு தெருவில் பரவியது. பக்கத்து வீடுகளில் அவளுக்குத் 'தள்ளாட்டம்' என்று பேர் வைத்தார்கள். அக்காவின் கணவர், கொத்தனாரான மாமாகூட, "நிஜமாவே கொஞ்சம்கூடக் குடிக்கலையா?" என்று கேட்டார். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

"விட்டுடுக்கா, வேற வேலை கிடைக்கும்," என்றேன்.

"போகத்தான்டி போறேன். அதே ஹால்ல, அதே ஆளுங்க முன்னாடி அவரைத் தலைகுனிய வெச்சுட்டுப் போறேன்."

அதே ஆட்கள் மறுபடி ஒன்றுகூட மூன்று வாரம் ஆனது. அன்றைக்கு எல்லாக் கிளாஸிலும் இரண்டிரண்டு ஆலிவ் போட்டாள். ஒன்றில் மட்டும் வழக்கம்போல ஐஸ் தண்ணீர்.

தட்டின்மேல் நீண்ட முதலாளியின் கை அப்படியே நின்றது. அக்காவை முறைத்தார்.

"எடுத்துக்கங்க சார். எல்லாம் ஒண்ணுதானே?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒன்றை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் சிவந்து, இருமல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கிளாஸ், அக்கா கோட்டில் நடந்தபோது பலமாகக் கைதட்டிய தொப்பைக்காரர் கைக்குப் போயிருந்தது.

"என்னய்யா இது, பச்சத் தண்ணி!"

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே!" என்றார் முதலாளி இருமிக்கொண்டே. "இவ குடிச்சுட்டுத் தண்ணிய ஊத்தி வெச்சிருக்கா!"

அக்கா குரலை உயர்த்தவில்லை. "அது உங்க கிளாஸ் சார். இத்தனை வருஷமா உங்களுக்கு அதைத்தானே ஊத்துறேன். கை மாறிப் போச்சு."

தொப்பைக்காரர் முதலாளியையே பார்த்தார். "வாராவாரம் மூணு குடிக்கிற மனுஷன், ஒரு வாய்க்கே ஏன் இப்படி இருமுறே? மிச்சத்தையும் குடி, பார்ப்போம்."

முதலாளி கிளாஸை உதடுவரை கொண்டுபோனார். குடிக்க முடியாமல் கீழே வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பாலம் டெண்டருக்கு என் விலையை உன்கிட்ட இங்கதான் உளறினேன், இல்ல?" என்றார் தொப்பைக்காரர். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

முதலாளி எங்களை அப்போதே வெளியே போகச் சொன்னார். கைகளைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டோம். இரண்டே நாளில் கதை மாமா வேலை பார்க்கும் சைட்டுக்கே போய்விட்டது. "நான் அப்பவே நினைச்சேன், நீ அப்படிச் செய்யற ஆள் இல்லன்னு," என்றார் மாமா.

"நீங்க ஒண்ணும் நினைக்கல. சாப்பிடுங்க," என்றாள் அக்கா.

இப்போது அவள் ஒரு கேண்டீனில் இருக்கிறாள். முதலாளியின் தெருவில் எங்களுக்கு எந்த வேலையும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் என்னை அந்த வழியாகத்தான் கூட்டிப் போவாள். முதலாளி வீட்டு வாசலில் ஏதாவது கார் நிற்கிறதா என்று பார்ப்பாள். ஒன்றும் நிற்காது. அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பசிக்கும்.