கன்னத்தில் விழுந்த பள்ளம்

போன ஞாயிற்றுக்கிழமை சவரத்துக்கு உட்கார்ந்தேன். வேலு அண்ணன் கத்தியை எடுக்கவில்லை. குனிந்து, என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“பள்ளம் விழல. இப்ப தலையைச் சாய்ங்க.”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எந்த முடிவெட்டும் கடையில் காலைப் பார்க்கிறார்கள்? சிராங்கூன் ரோட்டில் இந்த ஒரு கடையில்தான்... அதுவும் எனக்கு மட்டும்!

சென்ற ஆண்டு, காலையில் எழுந்தால் கண்கள் இரண்டும் பணியாரம் போல வீங்கியிருக்கும். நின்றால் தலை சுற்றும். நான் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்ப்பவன். ஒருநாள் கோர்த்த பக்கத்தோடு தரையில் சரிந்தேன்.

“என்ன லா, கள்ளுக்கடையிலேயே குடியிருக்கீங்களா?” என்றார் மெஷின் ஓட்டும் காசிம் பாய்.

நான் கள்ளைத் தொட்டதே இல்லை. அதைச் சொல்லவும் கூச்சம்!

பிறகு அவரே இரக்கப்பட்டு, உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் கலக்கித் தந்தார். மயக்கம் என்றால் நம்மவர்களுக்கு வேறு மருந்து ஏது? தினமும் மூன்று கிளாஸ் குடித்தேன். வீக்கம் கூடியது.

டாக்டரிடம் போயிருக்கலாம்தான். ஆனால், சிறுநீர் நுரைத்துப் போகிறது என்று பத்துப் பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

ஒருநாள் சவரம் பாதியில் இருக்கும்போது வேலு அண்ணனின் கை நின்றது.

“என்னங்க இது? கன்னத்துல விரல் வச்ச இடம் மாவு மாதிரி குழிஞ்சு நிக்குது!”

காலை அழுத்தினார். அங்கேயும் பள்ளம்.

“என் மச்சானுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. வெளிய சொல்ல வெக்கப்பட்டாரு. இப்ப அவர் இல்ல. எந்திரிங்க!”

கடையைச் சாத்திவிட்டு, என்னைப் பாதித் தாடியோடு டிரைஷா வண்டியில் ஏற்றினார். வழியில் கேட்டுக் கேட்டு, நுரை விஷயத்தையும் கறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸிடம், அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “மிஸ்ஸி, இவருக்கு நுரையா போகுதாம்!” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

சிறுநீரகத்தில் கோளாறு, ரத்தக் கொதிப்பும் அதிகம். “தூசி பட்டாலும் கண் வீங்கும், தூக்கம் கெட்டாலும் வீங்கும். தலைச்சுற்றலும் சேர்ந்தால் சிறுநீரையும் ரத்தக் கொதிப்பையும் சோதிக்காமல் விடக்கூடாது” என்றார் டாக்டர். எலுமிச்சை ஜூஸ் கதையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “முதலில் அந்த உப்பை நிறுத்துங்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.”

இப்போது கண் வீக்கம் வடிந்துவிட்டது. எழுத்துகள் ஆடுவதில்லை. காசிம் பாய் ஜூஸில் சர்க்கரை போடுகிறார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம் — நான் நினைப்பது, உப்பை நிறுத்த என்னை இழுத்துப் போனவரை!