அண்ணியின் மூன்றாம் கரு

அண்ணியின் அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை நகர்த்திக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கை ஓரிடத்தில் நின்றது. அவர் திரையையே உற்றுப் பார்த்தார். என் மணிக்கட்டில் அண்ணியின் பிடி இறுகியது.

காலையில் சாமை விதைக்கும்போதே அண்ணிக்கு உதிரம் பட்டிருந்தது. முந்தைய இரண்டு கருக்களும் இப்படித் தொடங்கித்தான் கலைந்தன. அண்ணன் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். “சொல்லச் சொல்லக் கேக்காம குடம் குடமா தண்ணி தூக்கினா இன்னா ஆவும்” என்று அம்மா முணுமுணுத்தாள். கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நான்தான் அவரை ஆலங்காயம் பஸ்ஸில் ஏற்றி அழைத்து வந்தேன். மலை இறங்கும்வரை ஒவ்வொரு வளைவிலும் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“துடிப்பு இருக்கு” என்றார் டாக்டரம்மா கடைசியில்.

கரு பதிந்ததும் கருப்பையின் உட்சுவரில் புதிய ரத்தக்குழாய்கள் வளர வேண்டும் என்றும், சூலகத்தில் சுரக்கும் ஒரு ஹார்மோன்தான் அதற்கு அந்தச் சுவரைப் பக்குவப்படுத்துகிறது என்றும் விளக்கினார். நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும்வரை அது குறையக் கூடாதாம். அதையே மாத்திரையாகத் தருவதாகவும், கரு நிலைக்கும் என்று உறுதிகூற முடியாது என்றும் சொன்னார்.

அண்ணி எழுந்து உட்கார்ந்தார். “அப்ப மொத ரெண்டும் நான் தண்ணி தூக்கினதால போவலீங்களா?”

“ஏன் போச்சுன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. ஆனா, தண்ணி தூக்கினதால இல்ல.”

இரண்டு முறையும் அழாத அண்ணி அன்றுதான் அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் எதிரே நின்று அதையே சொன்னார். அதன்பின் வந்த வாரங்களில் கசிவு நிற்பதும் திரும்புவதுமாக இருந்தது. அண்ணி கொல்லைப்புறம் போய்வரும் ஒவ்வொரு முறையும் நானும் அம்மாவும் அவர் முகத்தையே பார்த்தோம். ஒருநாள் கசிவு நின்றது. பிறகு வரவேயில்லை.

அவர் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் ஒருத்தி, எத்தனை பிள்ளைகள் என்று அண்ணியிடம் விசாரித்தாள்.

“மூணு” என்றார் அண்ணி, தயங்காமல். “அதுல ஒன்னு எங்கூட இருக்குது.”