எட்டாம் மாதத்தில் வளையல் போடுவார்களா?

எண்பதுகளின் தொடக்கம். குற்றாலத்தில் சீசன் என்பதால் தென்காசியில் எங்கள் வீடு நிறைய உறவினர்கள். மனைவிக்கு ஏழாம் மாதம். அந்த வாரமே வளைகாப்பு முடித்து, ஆலங்குளத்தில் இருந்த அவள் தாய் வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

அப்போதுதான் அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்தார். மேகநோய், அதாவது சிபிலிஸ். திருமணத்துக்கு முன் வெளியூரில் நான் தேடிக்கொண்டது, அவளுக்கும் தொற்றியிருந்தது. வாரம் ஒன்றாக மூன்று பெனிசிலின் ஊசி போட்டால் குழந்தையைக் காப்பாற்றிவிடலாம் என்றார்.

"அவளுக்கு மட்டும் போடுங்க. என்ன நோய்னு சொல்ல வேண்டாமே" என்றேன். எம்.ஏ. படித்தவன் பேசிய பேச்சு அது.

"அவங்க உடம்பு, அவங்க பிள்ளை. சொல்லாம ஊசி போட மாட்டேன். நீங்களும் போட்டுக்கிடணும். இல்லன்னா திரும்பவும் அவங்களுக்கு வரும்."

அவளை உள்ளே அழைத்து, குரலை உயர்த்தாமல், ஒரு சுடுசொல் இல்லாமல் விளக்கினார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று அவரிடம் கேட்டாள்.

முதல் ஊசி போட்டதுமே வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். "புள்ளத்தாச்சிக்கு வாராவாரம் ஊசியா? ஏலே, ஒனக்குக் கிறுக்கா? வளையலப் போட்டு ஆலங்குளத்துக்கு அனுப்பிவிடு!"

அனுப்பினால் அங்கிருந்து வாராவாரம் வர விடமாட்டார்கள், ஊசி நின்றுவிடும். தடுக்கக் காரணம் சொல்ல வேண்டும். கூடம் நிறைய ஆட்கள்.

"எனக்கு ரத்தத்துல கோளாறு அத்தை. ஊசி முடிஞ்சுதான் போவேன்" என்றாள் மனைவி.

"அதுக்குள்ள எட்டு பொறந்துரும். எட்டாம் மாசம் எவளாவது வளையல் போடுவாளாட்டி?"

"அப்பம் ஒம்பதுல போடுங்க."

வந்தவர்கள் அவளைத் திமிர்பிடித்தவள் என்று பேசினார்கள். அவள் என் பெயரை எடுக்கவில்லை.

ஊசி போட்டுக்கொண்டு நான் தெருவில் நொண்டியபோது, "அருவியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லிருங்க. சீசன்லா, நம்புவாவ" என்றாள். அதற்குப் பிறகு நெடுநாள் என்னிடம் பேசவில்லை.

ஒன்பதாம் மாதம் வளையல் போட்டுப் போனாள். மகள் நோயின்றிப் பிறந்தாள். பரிசோதித்த டாக்டரம்மா மனைவியின் கையைத்தான் பிடித்துப் பாராட்டினார்.

மனைவி இப்போது இல்லை. நோயைக் கொடுத்தவன் நான், மறைக்கப் பார்த்தவனும் நான். என் மகள் நலமாக வாழ்வது அந்த இரண்டு பெண்களின் துணிவால்தான் என்பதை இந்த வயதிலாவது வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.