ஐம்பத்திரண்டுக்கு முன்னால் ஒரு சுழியம்

தனத்தின் படிப்பைக் கெடுத்தவன் நான். அவள் அப்பா அல்ல, அவள் தலையெழுத்தும் அல்ல. நான்தான்... இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண் அவள். பகலெல்லாம் தறியில் உட்கார்ந்துகொண்டே பள்ளி இறுதித் தேர்வில் தேறியவள். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரத்தில் தறியில் ஒரு முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. அதை அறுத்து இறக்கும்வரை அப்பா அவளை எழுந்திருக்க விடவில்லை. தாமதமாகத்தான் அனுப்பினாள்.

நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியலை அச்சடித்தது, சென்னையில் நான் வேலை பார்த்த இடத்துக் கம்ப்யூட்டர். நிரல் எழுதியது நான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஒவ்வொரு விண்ணப்ப எண்ணுக்கும் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி விழவேண்டும். அந்தக் கணினி மொழியில் ஒரு குறியை எண்ணாலும் எழுதலாம்: ஒரு சாய்கோடு, பிறகு அந்தக் குறிக்கான எண். நட்சத்திரத்துக்கு ஐந்து, இரண்டு. அதை அடித்து, ஒட்டியே விண்ணப்ப எண்ணையும் அடித்துக்கொண்டே போனேன்.

சாய்கோட்டுக்குப் பின் அந்த மொழி மூன்று இலக்கம்வரை எடுத்துக்கொள்ளும். எனக்குத் தெரியும், புத்தகத்தில் படித்திருந்தேன்! எட்டோ ஒன்பதோ வந்தால் மட்டும் நின்றுவிடும். அதன் கணக்கில் ஏழுக்கு மேல் இலக்கமே கிடையாது. எங்கள் மாவட்டத்து எண்கள் பெரும்பாலும் எட்டிலோ ஒன்பதிலோ தொடங்கின. முதல் பக்கத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பார்க்கவில்லை. தாமதமாக விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் மூன்றில் தொடங்கும் எண்கள். அவர்களில் தேர்வானது ஒருத்திதான்.

சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிச் சுவரில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். தனம் அதன்முன் நின்றிருந்தாள்.

“மூணு நாலு ஒண்ணு ஏழு... காலைலேர்ந்து தேடிக்கினு இருக்கேன், இல்லண்ணா. கடைசியில இன்னாவோ ‘எஸ்’ஸுன்னு போட்டு நானூத்திப் பதினேழுன்னு இருக்குது. மெஷினு தப்பு பண்ணுமாண்ணா?”

பார்த்த கணத்தில் புரிந்துவிட்டது. நட்சத்திரத்தின் எண் அவளுடைய மூன்றையும் சேர்த்து விழுங்கி ‘எஸ்’ ஆகியிருந்தது.

“மெஷின் தப்பு பண்ணாதும்மா” என்றேன்.

அது பொய்யா? இல்லை என்று பல வருடம் எனக்கு நானே வாதாடினேன். மெஷின் சொன்னதைத்தான் செய்தது...

நேர்காணலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. எங்கள் அதிகாரியின் அறை வாசல்வரை தினமும் போய்த் திரும்பினேன். வேலை போய்விடும் என்ற பயமா? தெருவே என்னைக் கம்ப்யூட்டர்காரர் என்று கூப்பிட்ட கர்வமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்தேன். நிரலில் ஐம்பத்திரண்டுக்கு முன்னால் ஒரு சுழியம் சேர்த்தேன். மூன்று இலக்கம் நிறைந்துவிட்டது. அடுத்த பட்டியலிலிருந்து எல்லாம் சரியாக வந்தது. பழைய பட்டியலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒன்பது நாளும் போயிற்று.

அடுத்த வருடம் எழுதிப்போட்டிருக்கலாமே என்பீர்கள். “ஒரு தபா பாத்தாச்சில்ல, போதும்மா” என்று சொல்லி, ஐயம்பேட்டையில் கட்டிக்கொடுத்துவிட்டார் அவள் அப்பா. அங்கேயும் தறிதான்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கொடுத்தாள். மகள் கணக்குப் புத்தகத்தோடு முரண்டு பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத்தான் மண்டையில ஏறல, நீயாவது படிடீ. மெஷினே பாத்துக் கழிச்சி வுட்டுடுச்சி என்னை. இதோ இருக்காரே, மாமாவையே கேளு” என்று தனம் சிரித்தாள். அதை அவள் நம்புகிறாள்... இத்தனை வருடமாக நம்புகிறாள்.

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். காபி நன்றாக இருக்கிறது என்றேன்.