தோற்றவரின் வாதம்

குசினிக்குள் தட்டச்சுப் பொறி ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னறையில் காத்திருப்பவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டார். ஓசை நிற்கவில்லை. வரி முடிந்து மணி ஒலிக்கிறது, உருளை சரசரவென்று திரும்பி ஓடுகிறது, மறுபடியும் விரல்கள் பொழிகின்றன. ஒரு வசனத்தைப் பாதியில் விட்டு எழுந்து வருவது சத்தியபாமாவின் வழக்கம் அல்ல. வந்தவர் பெரிய டொக்டராக இருந்தாலும் சரி, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, முற்றுப்புள்ளி விழுந்த பிறகுதான் அவருடைய கதிரை பின்னால் நகரும்.

கொழும்பில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். கணவர் இந்திரகுமாரோடு மெல்பேர்னுக்கு வந்தபோது மற்றவர்கள் அம்மியையும் ஊறுகாய்ச் சாடியையும் கப்பலில் ஏற்றினார்கள். இவர் தம் தமிழ்த் தட்டச்சுப் பொறியைக் கம்பளிக்குள் சுற்றி ஏற்றினார். நோபல் பார்க் வீட்டின் குசினி மேசையில் பாதி அதற்குச் சொந்தம். மீதிப் பாதியில் சாப்பாடு.

பகலில் வேலை நகருக்குள், வழக்கறிஞர்களுக்கான ஒரு நூலகத்தில். சேலைக்கு மேல் நீண்ட கம்பளிக் கோட்டு, காலில் தடித்த காலுறை, கையில் சாப்பாட்டுப் பெட்டி. அங்கே அவர் 'மிசஸ் பாமா'. பெயரின் முன்பாதியை அவர்கள் எங்கே தொலைத்தார்கள் என்று அவர் கேட்டதில்லை. மத்தியான வேளையில் மற்றப் பெண்கள் வெயிலைத் தேடிப் பூங்காவுக்குப் போவார்கள். இவர் நிலவறைக்கு இறங்குவார். ஆரும் தொடாத அமெரிக்கத் தீர்ப்புத் தொகுதிகள் அங்கேதான் இருக்கின்றன. எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்கள். தோல் அட்டை உக்கிப்போய், தொட்டால் செங்கல் நிறத்தில் பொடி உதிரும். அந்தப் பொடி கோட்டின் கைகளில் எப்போதும் படிந்திருக்கும். ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்துச் சற்று விலகி அமர்வதும் உண்டு.

"அதுக்குள்ளை என்னக்கா இருக்கு?" என்று கேட்டால் அவருடைய முகம் இளகிவிடும். அந்தக் காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிட்டவர் எவரோ, அவருடைய பெயர்தான் புத்தகத்துக்கும் பெயர். தீர்ப்பை மட்டும் அவர் போடவில்லை. அதற்கு முன்னால், இரண்டு பக்கத்து வழக்கறிஞர்களும் எழுந்து நின்று என்ன வாதாடினார்கள் என்பதையும் பக்கம் பக்கமாகப் போட்டார். வென்றவரின் வாதம் தீர்ப்புக்குள்ளேயே கரைந்துவிடும். தோற்றவரின் வாதத்துக்கு அந்தப் பக்கங்களை விட்டால் உலகத்தில் வேறு இடம் கிடையாது.

பின்னால் வந்த ஒரு தொகுப்பாளர் பழைய தொகுதிகளைச் சுருக்கி மலிவுப் பதிப்பாக வெளியிட்டார். வாதங்களில் பெரும்பகுதி வெட்டுப்பட்டுப் போயிற்று. முந்தியவர் வழக்குப் போட்டார். நீதியரசர்கள் எழுதிய தீர்ப்பு எந்தத் தொகுப்பாளருக்கும் சொந்தமாகாது என்று அந்த நீதிமன்றமே சொல்லிவிட்டது. இந்தக் கதையைச் சொல்லும்போது சத்தியபாமா, தீர்ப்பு சரியானதுதான் என்று ஒப்புக்கொள்வார். பிறகு கோட்டின் கையைத் தட்டிக்கொண்டே ஒன்று கேட்பார். "ஆனா சுருக்க வந்தவன் முதல் வெட்டினது ஆரின்ரை வாயை எண்டு பாத்தியளோ?"

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. யாராவது ஒரு சண்டையைச் சொல்லிப் புலம்ப வந்தால், "மற்ற ஆள் என்ன சொன்னவ? முதல் அதைச் சொல்லு" என்பார். வந்தவருக்குப் பாதிக் கோபம் அதிலேயே தணிந்துவிடும், அல்லது இரண்டு மடங்காகும். "எங்கடை வீட்டிலை தோக்கிறது எப்பவும் நான்தான். ஆனா என்ரை வாதம் முழுக்கப் பதிவிலை இருக்கு" என்று இந்திரகுமார் விருந்தினருக்குச் சொல்லிச் சிரிப்பார்.

இங்குள்ள சில தமிழ்க் குடும்பங்கள் எதற்குக் கூடினாலும், பொங்கலுக்கு மண்டபம் பிடிப்பதற்கானாலும், மூலையில் சத்தியபாமா சுருக்கெழுத்தோடு இருப்பார். கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. பிறகு தட்டச்சில் எடுத்த தாளின் அடியில், எறும்பு ஊர்ந்தது போல 'ச. இ.' என்று இரண்டு எழுத்து. அவ்வளவுதான் அவருடைய அடையாளம். முழுப் பெயர் போடச் சொன்னால், "அது பேசினவையின்ரை தாள். நான் ஆர்?" என்பார்.

அப்படித்தான் ரஞ்சினியின் விஷயத்திலும் எழுதினார். கலியாணம் முடித்து வந்து ஒரு வருடம் ஆகாத பெண். கணவன் பாஸ்கரின் வீட்டை விட்டு, போட்டிருந்த உடுப்போடு வெளியேறி, சத்தியபாமா வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தாள். பாஸ்கரின் தமையன் டொக்டர் நித்தியானந்தன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கூடினார்கள். இரண்டு பேரையும் பேசவிட்டுக் கேட்டார்கள். ரஞ்சினி கணவனிடம் திரும்பிப் போக வேண்டும், மறுத்தால் தகப்பன் அவளை ஊருக்கு அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது முடிவு. இந்திரகுமாரும் தலையாட்டினார். முடிவை எழுதி, டொக்டரின் கையெழுத்தோடு, யாழ்ப்பாணத்திலிருக்கும் தகப்பனுக்கு அனுப்புவது என்று ஏற்பாடு. அந்த மனிதர் மகளைப் பற்றி என்ன நினைக்கப் போகிறார் என்பது அந்தத் தாளில்தான் இருந்தது. மகள் ஏற்கெனவே எழுதிய கடிதத்தை, புதுப்பெண்ணின் செல்லப் பிடிவாதம் என்று அவர் ஒதுக்கிவிட்டிருந்தார்.

அந்தத் தாளில் கையெழுத்து வைக்கத்தான் டொக்டர், கூட்டம் முடிந்து சில நாளில் ஒரு பின்னேரம் வந்து, தொண்டையைச் செருமியபடி காத்திருந்தார். கூட்டங்களுக்கு வரும் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த நானும் அந்த முன்னறையில் இருந்தேன். குளிருக்கு மூட்டிய எண்ணெய் அடுப்பு மூலையில் முனகிக்கொண்டிருந்தது. பொறியின் ஓசை நின்றது. சத்தியபாமா இரண்டு தாள்களோடு வந்து அவரிடம் நீட்டினார்.

முதல் தாளை டொக்டர் தலையசைத்தபடி படித்தார். இரண்டாவதில் அவருடைய முகம் இறுகிற்று.

"அக்கா, நான் உங்களிட்டைக் கேட்டது முடிவை மட்டும்."

"முடிவு முதல் தாளிலை இருக்கு தம்பி. ஒரு சொல்லும் மாத்தேல்லை."

"அப்ப இது?"

"இது அவையள் சொன்னது. பாஸ்கர் சொன்னதும் கிடக்கு, அவள் சொன்னதும் கிடக்கு. அவர்தான் கனக்கக் கதைச்சவர்."

அவள் சொன்னது மிகக் கொஞ்சம். சபையில் தலை நிமிராமல், சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னது, இப்போது கறுப்பு எழுத்தில் அப்படியே நின்றது: 'அவர் வேலைக்குப் போகேக்கை என்னை உள்ளுக்கை விட்டு வெளியாலை பூட்டிப்போட்டுப் போவார். மெல்பேர்ன் எப்பிடியிருக்கு எண்டு அம்மா கேட்டு எழுதுறா. எனக்குத் தெரிஞ்சது யன்னலுக்காலை தெரியிற ஒரு மரம்தான்.'

டொக்டர் கோபக்காரர் அல்ல. மெதுவாகத்தான் பேசினார். ரஞ்சினியின் தகப்பனுக்கு நெஞ்சு வருத்தம் இருக்கிறது, இதைப் படித்தால் தாங்கமாட்டார் என்றார். தன் குடும்பத்தைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்றார். கடைசியில், சத்தியபாமாவும் இந்திரகுமாரும் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது முதல் இரண்டு மாதம் யாருடைய வீட்டில் படுத்தார்கள் என்பதையும் நினைவூட்டினார். அது உண்மை. இந்திரகுமார் தரையைப் பார்த்தார். பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அந்த இடைவெளியில் ஒரு பெண்ணின் நிழல் அசையாமல் நின்றது.

"அந்த உதவியை நாங்கள் மறக்கேல்லை தம்பி" என்றார் சத்தியபாமா. "முடிவு நீங்கள் எடுத்தது. அது பிழை எண்டு நான் ஒரு வரி எழுதினனானோ? தோத்தவள் அவள். அவள் சொன்னதுக்கு இந்தத் தாளை விட்டால் வேறை இடமில்லை."

டொக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். "இதிலை நான் கையெழுத்து வைக்கமாட்டன். பேரில்லாத கடதாசியை ஆர் நம்பப் போகினம்?"

சத்தியபாமா தாள்களை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனார். மீண்டும் பொறியின் ஓசை. இம்முறை சில தட்டல்கள்தான். திரும்பி வந்து முதல் தாளை எல்லாரும் பார்க்கும்படி மேசையில் வைத்தார். வழக்கமாக அடியில் ஊரும் இரண்டு எழுத்து அங்கே இல்லை. தாளின் உச்சியில், தலைப்புக்கும் மேலே, 'கேட்டுத் தொகுத்தவர்: சத்தியபாமா இந்திரகுமார்' என்று இருந்தது. அவர் தட்டிய எந்தத் தாளிலும் அந்தப் பெயரை முழுதாக நாங்கள் பார்த்ததில்லை.

டொக்டர் இந்திரகுமாரின் பக்கம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. நீங்களும் சேந்து எடுத்த முடிவுதானே?"

இந்திரகுமார் மேசையிலிருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு, "ஓம். நான் தலையாட்டினதும் உதிலை கிடக்கு" என்றார். "அதையும் அவளின்ரை அப்பா பாக்கட்டும்."

டொக்டர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான்களைப் பூட்ட அவருக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. எங்கள் ஆட்கள் எவ்வளவு மனத்தாங்கலோடு புறப்பட்டாலும் வாசலில் 'போட்டு வாறன்' என்றுதான் சொல்வார்கள். அவர், "போறன்" என்றார். படியிறங்கும் வரை சத்தியபாமா வாசலிலேயே நின்றார். வெளியே கார் உறுமி, ஓசை தெரு முனையில் தேய்ந்தது.

குளிர் உள்ளே வராமல் கதவைச் சாத்தினார். கை பழக்கமாகப் பூட்டுக்குப் போயிற்று, பாதியில் நின்றது. ரஞ்சினி பின்னறையிலிருந்து வெளியே வந்து நடையில் நின்றாள். சத்தியபாமா சாவியைப் பூட்டிலிருந்து உருவினார், அவளுடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார், கடித உறை எடுக்கக் குசினிக்குள் போனார்.