நேரில் சொன்னது செல்லாது

சார், அவன் கை போனதற்கு நீங்கள்தான் காரணம். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி. நான் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் லைன் லீடர். நீங்கள் மெயின்டனன்ஸ் மேனேஜர். முன்பெல்லாம் மெஷின் மக்கர் பண்ணினால் உங்கள் ரூம் கதவைத் தட்டுவோம். திட்டிக்கொண்டே வருவீர்கள். ஆனால் வருவீர்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு மெயில் வந்தது. ஆபீஸ்காரர்களுக்கு ஆளுக்கொரு ஐடி. எங்கள் ஷாப் மொத்தத்துக்கும் சேர்த்து ஒன்று. பாஸ்வேர்டை கம்ப்யூட்டர் மேலேயே ஒட்டி வைத்திருந்தோம். புகார் அனுப்ப மட்டும்தான் அதைத் தொடுவோம். வந்ததை யாரும் திறந்து பார்த்ததில்லை. அதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம்.

ஆயுத பூஜை முடிந்த வாரம். கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

“சார், நாலாம் நம்பர் பிரஸ் ஒருவாட்டி பட்டன் அழுத்துனா ரெண்டுவாட்டி எறங்குது. நிறுத்திடட்டுமா?”

“மெயில் போட்டியா?”

“அதான் நேர்லயே சொல்றனே சார்.”

“வாயில சொன்னா ரெக்கார்டு இல்லப்பா. மெயில் போடு, பாக்கறேன். நீயா நிறுத்திடாத, புரொடக்‌ஷன்காரன் என் கழுத்தப் பிடிப்பான்.”

ஒற்றை விரலால் தட்டித் தட்டி மெயில் போட்டேன். அந்த பிரஸ்ஸில் நின்றவன் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரன், என்னைவிடச் சின்னவன். நான் டைப் அடித்த லட்சணத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“அண்ணா, அப்படியே மெஷினுக்கும் ஒரு மெயில் போட்டுரு. சார் வர்ற வரைக்கும் ரெண்டாவதுவாட்டி எறங்காதன்னு.”

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் இறங்கிவிட்டது. வலது கை மணிக்கட்டோடு போனது.

விசாரணையில் நீங்கள் சொன்னது ஒரே வரி: “எனக்கு மெயில் வரவில்லை.” உண்மைதான். கம்ப்யூட்டர்காரர் வந்து பார்த்தார். என் மெயில் வெளியே போகாமல் உள்ளேயே கிடந்தது. எங்கள் மெயில் பெட்டி நிறைந்துவிட்டதாம். எதனால் என்று கேட்டேன். திறந்து காட்டினார். எல்லா ஐடிக்கும் ஆபீஸிலிருந்து அனுப்பிய ஆயுத பூஜை போட்டோக்கள். ஒன்றில் அதே நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்கு மாலை போட்டிருந்தது. அதன் முன்னால் நீங்கள் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

கேன்டீனில் நான் சொன்னதைப் பற்றியும் கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றீர்கள். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்தச் சொல் அவனோடு ஊர் வரைக்கும் போனது. இப்போது பேரிகைச் சந்தையில் தக்காளி விற்கிறான். இடது கையால் கூடையைச் சரிக்கும்போது யாராவது கேட்டால், “என் தப்புதாங்க” என்கிறான். அவனையே நம்ப வைத்துவிட்டீர்கள். எனக்கு ஆறாதது இதுதான்.

நீங்கள் ரிட்டயர் ஆகிவிட்டீர்கள். ஆனாலும் ஆயுத பூஜைக்கு உங்களைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுக்கிறார்கள். இந்த முறை அவனை நான் கூட்டிக்கொண்டு வருவேன். அத்தனை பேர் முன்னால், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: அன்றைக்கு நான் உங்களிடம் சொன்னேனா, இல்லையா? மெயில் போட வேண்டாம். வாயால் சொல்லுங்கள்.